கீழே ஒரு ஆள் நிற்க வேண்டும்

இரவு பன்னிரண்டே முக்கால். சயான் ஸ்டேஷனில் இறங்கிய நாலு பேரில் மூன்று பேர் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். தாராவிப் பக்கம் நடந்தது ஒரே ஒரு ஆள். கக்கத்தில் நீளமாக ஓர் அட்டைப்பெட்டி… மழை படாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. சயான் பாலத்தை இடித்துக் கட்ட மூடிய பிறகு அந்த ரோட்டில் ராத்திரி ஒரு டாக்சிகூட நிற்பதில்லை. தகரத் தடுப்பின் மேல் மழை சொட்டுகிற சத்தம். அவருடைய செருப்பு ஈரத்தில் ஒட்டி ஒட்டி விடுபடுகிற சத்தம். அவ்வளவுதான்.

பேர் மன்சூர் அலி. நம்முடைய சைஃபுக்குத் தாய்மாமா. நம் பட்டறையில் மூன்றாவது மிஷினில் உட்கார்ந்து ஜிப் தைக்கிறானே, அந்த சைஃப்தான். அந்த ராத்திரி நடந்ததை மாமா ஒரே ஒரு தடவை அவனிடம் சொன்னார். அவனும் ஒரே ஒரு தடவை வெளியே சொன்னான். இப்போது கேட்டால் எழுந்து போய்விடுகிறான்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு எல்.இ.டி. ட்யூப் லைட். நாலடி நீளம். அதை விடிவதற்குள் மாட்டியாக வேண்டும். மாட்டாவிட்டால் அவருடைய மகள் அவருக்கு இல்லை.

விஷயம் இதுதான். மன்சூரின் மனைவி ஹாஃபிஸா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும் எட்டு வயது சஃப்ரீனும் மட்டும். அறையில் இருந்த ஒரே ட்யூப் லைட் நாலு மாதத்துக்கு முன் அணைந்துபோனது. அவர் மாற்றவில்லை. செல்போன் வெளிச்சத்தில் சோறு ஆக்கினார்கள். செல்போன் வெளிச்சத்தில் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதியது. ஒருநாள் இருட்டில் ஏணியில் கால் வைக்கத் தவறி உருண்டது. தாடையில் மூன்று தையல். ஹாஃபிஸாவின் அக்கா ஆஸியா வந்து பிள்ளையைக் காட்கோபருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி அங்கே போய்த்தான் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஆஸியா கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"தம்பி, ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா பச்சப் பிள்ளைய நாலு மாசமா இருட்டுல வச்சிருக்கீய. இன்னும் என்ன ஆவணும்?"

"மாத்திருதேன் மைனி."

"இதத்தான் பெருநாளைக்கும் சொன்னிய. காலம்பற ஏழரைக்கு வண்டி. அவளுக்கும் சேத்து டிக்கட் போட்டாச்சு. ஊர்ல உம்மாட்ட விட்டுருதேன். அங்கயே படிக்கட்டும்."

ஆஸியா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆறு மணிக்கு அவ துணிமணி எடுக்க வருவேன். மேல லைட்டு எரிஞ்சா, அல்லா மேல சத்தியமா, பிள்ளைய விட்டுட்டு நான் மட்டும் போறேன். எரியலன்னா… என்னய ஏசாதீய."

சஃப்ரீன் தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். அவர் குனிந்தபோது கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஊருக்குப் போனா நீங்க வருவீங்களா வாப்பா?"

அவர் அந்தக் கேள்வியையும் பெட்டியையும் சுமந்துகொண்டுதான் ரயில் ஏறினார்.

ஒரு லைட்டை மாற்ற இத்தனை பாடா என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் இருந்த சந்துக்குள் போய்ப் பார்த்தவர்கள் நினைக்கமாட்டார்கள்.

எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. கீழே ரெக்ஸின் பை தைக்கிற பட்டறை. அதற்கு மேலே மன்சூரின் ஒற்றை அறை. வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் ஆறு வீட்டு மீட்டர், ஆறு மெயின் சுவிட்ச். எல்லாம் அந்தக் காலத்து இரும்பு சுவிட்ச். கைப்பிடியைக் கீழே இழுத்தால் கரண்ட் நிற்கும். மேலே தள்ளினால் வரும். எது யாருடையது என்று எழுதி வைத்தால் ஒரு மழைக்கு நிற்காது.

அதனால் அங்கே ஒரு முறை உண்டு. யார் வீட்டில் லைட் மாற்றினாலும் மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள். கீழே நிற்கிறவர் மெயினை இழுத்துவிட்டு, கைப்பிடியைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். தன் வீட்டு ஃபேன் நின்றுபோனது என்று வந்து ஆறையும் மேலே தள்ளிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா… அதற்காக. மேலே இருப்பவர் வயரைத் தொடும் முன்பு ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "பந்த் இருக்கா?" நிறுத்தியிருக்கிறதா என்று அர்த்தம். கீழே இருப்பவர் சொல்வார்: "பந்த் இருக்கு." வேலை முடிந்ததும் மேலே இருப்பவர் "போடு" என்பார். அவர் சொல்லாமல் கையை எடுக்கக் கூடாது. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

மன்சூர் மேலே ஏறும்போதெல்லாம் ஒன்பது வருஷமாகக் கீழே நின்றது ஹாஃபிஸா.

அவள் போன பிறகு வயர்மேன் கிருஷ்ணாவைக் கூப்பிடாமல் இல்லை. இரண்டு தடவை வந்தான். ஸ்டூலில் ஏறி நின்று, "மன்சூர் பாய், நீச்சே, கீழ ஒரு ஆள நிறுத்துங்க" என்றான். மன்சூர் ஏணி வரைக்கும் போனார். பாதி இறங்கி, அந்தத் தகரப்பெட்டியைப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறி வந்தார்.

"இன்னிக்கு வேணாம் கிருஷ்ணா. கல் தேக்கேங்கே, நாளைக்குப் பாப்போம்."

"ஒரு ட்யூப் மாத்த முகூர்த்தமா பாய் பாக்கணும்?" என்று சிரித்துவிட்டுப் போனான் அவன்.

இன்றைக்கு ரயிலிலிருந்தே நாலு தடவை போன் போட்டார். எடுக்கவில்லை.

ஆக, அவர் மட்டும்தான். சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். சாக்கடையும் மழையும் கலந்த தண்ணீர். பட்டறை ஷட்டருக்கு அடியிலிருந்து பசை வாடை வந்தது. தகரப்பெட்டியைத் திறந்து, தன்னுடைய மெயினைக் கீழே இழுத்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அதை இன்றைக்குத்தான் தொடுகிறார். டக். அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் நின்றார். பிறகு ஏறினார். வாசலில் செருப்பை விட்டார். ஸ்டூலைப் போட்டார். செல்போனில் விளக்கை ஏற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது.

அணைந்துபோன பழைய ட்யூபைக் கழற்றி இறக்கினார். மேலே இரும்புப் பட்டி, சோக்கு. பல்லிக் குஞ்சு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. கருகிய தூசியின் வாடை. வயர் முனையை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். ஒன்பது வருஷப் பழக்கம்… அவர் நினைக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"பந்த் இருக்கா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மழை.

கீழே, ஏணியடியிலிருந்து, சாதாரணமாக…

"பந்த் இருக்கு மச்சான்."

மன்சூர் கத்தவில்லை. இறங்கி ஓடவும் இல்லை. தூக்கிய கை தூக்கியபடி நின்றார். பயம் வரவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. இனி அந்தக் குரல் வராமல் போய்விடுமோ என்கிற தவிப்பு.

மறுபடி கேட்டார். மெதுவாக. "பந்த் இருக்கா?"

"பந்த் இருக்கு மச்சான்."

அவள்தான். மூக்கடைத்த மாதிரி அந்த லேசான கரகரப்பு. மழைக்காலம் முழுக்க அவளுக்கு அது இருக்கும்.

போன வருஷம் நடந்ததைச் சந்துக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். இதே மாதிரி மழை. இதே மாதிரி தண்ணீர். மன்சூர் மேலே ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தார், ஹாஃபிஸா கீழே மெயினைப் பிடித்திருந்தாள். வேலை முடிந்தது. "போடு" என்றார். அவள் தள்ளினாள். மேலே லைட் எரிந்தது. அவர் அதை அண்ணாந்து பார்த்து, பளிச்சென்று இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. கீழேயிருந்து பேச்சே வரவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. இறங்கிப் போனபோது, கரண்ட் அடித்து அவள் தண்ணீரில் கிடந்தாள்.

இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. அதை அவர் ஆஸியாவிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அவர் "போடு" என்றதும் அவள் போடவில்லை. கீழேயிருந்து சொன்னாள்: "செருப்பு இல்ல மச்சான். போட்டுட்டு வாறேன்." செருப்பு மேலே வாசலில் கிடந்தது. அவருக்கு ஏழு மணி ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எரிச்சலில் சொன்னார்: "நேரமில்ல. போடு."

அவள் போட்டாள்.

அதற்குப் பிறகு அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. பட்டறையில் யாரிடமாவது ஃபேனைப் போடச் சொல்ல வேண்டும் என்றால்கூட எழுந்து போய் அவரே போடுவார். கிருஷ்ணாவைத் திருப்பி அனுப்பியது இதனால்தான். வேறொரு ஆளை அந்த இடத்தில் நிறுத்தி, மேலே நின்று கிருஷ்ணா அந்த வார்த்தையைச் சொல்ல… அவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

ஸ்டூலின் மேல் நின்றபடி அவர் பேசிப் பார்த்தார்.

"ஹாஃபிஸா. நீதானா?"

ஒன்றும் இல்லை.

"மழையிலயா நிக்க?"

ஒன்றும் இல்லை. தண்ணீர் எங்கோ குழாயில் இறங்குகிற சத்தம் மட்டும்.

"பிள்ளைக்குத் தாடையில தையல் போட்டிருக்கு. அது உனக்குத் தெரியுமா?"

வெகுநேரம் ஒன்றும் இல்லை. அந்த வெகுநேரத்தில் அவர் மூச்சு விடாமல் காத்திருந்தார். பிறகு தோற்றுப்போய், தெரிந்த கேள்வியையே கேட்டார்.

"பந்த் இருக்கா?"

"பந்த் இருக்கு மச்சான்."

அதற்கு மட்டும்தான் பதில். அதனால் அதையே கேட்டார். ஒரு திருகாணியைக் கழற்றுவார், கேட்பார். வயரைப் பிரிப்பார், கேட்பார். பழைய பட்டி இறங்கிவிட்டது. தேவையே இல்லாமலும் கேட்டார். கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டார். செல்போன் வெளிச்சம் ஒரு தடவை மங்கி அணைந்துபோனது.

இருட்டில்தான் அவருக்குப் புரிந்தது. இனி பாக்கி இருப்பது இரண்டு திருகாணி, இரண்டு வயர். அதை இருட்டில் தடவிக்கூட முடித்துவிடலாம். முடித்த பிறகு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தண்ணீரில் நிற்கிற அவளிடம், அதே இடத்தில் நிற்கிற அவளிடம், இரண்டாவது தடவை. சொன்னால் லைட் எரியும். பிள்ளை வீட்டுக்கு வரும். சொல்லாவிட்டால் இந்தக் குரல் இங்கேயே இருக்கும். கேட்கக் கேட்கப் பதில் சொல்லும். ஏழரை மணி வண்டியில் பிள்ளை போய்விடும்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் போலிருக்கும். அழுதாரா என்று சைஃப் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

பிறகு எழுந்தார். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. போன வருஷமே அதைச் செய்திருக்க வேண்டும். கீழே போய், நகரு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இருட்டில் ஏணியைத் தடவி இறங்கினார். கடைசிப் படிக்கு அப்புறம் கால் தண்ணீருக்குள் போனது. ஜில்லென்றது. செருப்பு மேலேயே கிடக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏணியடியில் யாரும் இல்லை.

தகரப்பெட்டியின் கதவு திறந்திருந்தது. நனைந்த புர்கா காயாமல் மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை அங்கே நின்றது. அவர் கையை நீட்டி மெயினின் கைப்பிடியைத் தொட்டார். அந்தக் குளிரில், அந்த ஈரத்தில், இரும்பு சூடாக இருந்தது. யாரோ மணிக்கணக்காகப் பிடித்திருந்தால் வருகிற சூடு.

வலது கையால் இறுக்கிப் பிடித்தார். "நான் பிடிச்சிக்கிட்டேன்" என்றார். "நீ விடு."

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ மெல்ல நழுவியது.

பிறகு ஏணி. க்ரீச்… ஒரு படி. க்ரீச்… இன்னொரு படி. வேகம் இல்லை. பதினோரு படி. அவர் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் கை தளரும் என்று பயம். மேலே பலகை முனகியது. ஸ்டூல் நகர்ந்தது. ஒரு சின்ன அமைதி.

"பந்த் இருக்கா?"

மேலேயிருந்து. அவருடைய அறையிலிருந்து.

கைப்பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டு அவர் சொன்னார். "பந்த் இருக்கு."

கிர்… கிர்… கிர்… மரத்துக்குள் திருகாணி இறங்குகிற சத்தம்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பேராச்சி. இட்லிக்கடைக்கு அடுப்பு மூட்ட நாலு மணிக்கே எழுந்துவிடுகிறவள்.

"யாரு, மன்சூர் அண்ணனா? இந்நேரத்துல மெயினக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கீய?"

"லைட்டு… லைட்டு மாத்துது பேராச்சி."

"யாரு, கிருஷ்ணாவா? ராத்திரின்னா டபுள் கூலி கேப்பானே அந்தக் களவாணிப் பய." அவள் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். கிர்… கிர்… "பரவால்லயே, நிதானமாத்தான் முடுக்குதான்." சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணே… மேல ஒரு பொட்டு வெளிச்சம் இல்லயே. இருட்டுல எப்படி முடுக்குதாவ?"

பேராச்சி ஏணியைப் பார்த்தாள். தண்ணீரில் நிற்கிற அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். ஜன்னல் சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் விட்டு, கீழ்த் தாழ்ப்பாளும்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை மேலேயிருந்து கேட்டது, எத்தனை தடவை அவர் சொன்னார் என்று கணக்கில்லை. வலது கை முழங்கை வரைக்கும் மரத்துவிட்டது. இடது கையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றவில்லை. விடக் கூடாது என்பதுதான் முறை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். சந்தின் மேல் தெரிகிற ஒரு முழ வானம் சாம்பல் நிறமானது. மழை நிற்கவில்லை. திருகாணிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. மேலே அமைதி… ஆள் இருக்கிற அமைதி.

சந்து முனையில் குடை ஒன்று தெரிந்தது. ஆஸியா. அவளுக்கு முன்னால் ரோஸ் நிற மழைக்கோட்டில் சஃப்ரீன்.

ஆஸியா முதலில் பார்த்தது மேல் ஜன்னலைத்தான்.

"தம்பி… எரியலயே" என்றாள். அவள் குரலில் வெற்றி இல்லை. அதுதான் அவரை வதைத்தது.

அப்போது மேலேயிருந்து வந்தது.

"மச்சான். போடுங்க."

ஆஸியாவுக்கு அது கேட்கவில்லை. அவள் பாட்டுக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றாள்.

மன்சூர் கீழே பார்த்தார். கறுப்புத் தண்ணீர். அதில் அவருடைய இரண்டு பாதங்களும் தெரியவில்லை. யோசிக்காமலே வாயில் வந்தது.

"செருப்பு இல்ல ஹாஃபிஸா. போட்டுட்டு வாறேன்."

சொல்லிவிட்டுத்தான், என்ன சொன்னோம் என்பது அவருக்குக் கேட்டது.

மேலே சத்தமே இல்லை. நீண்ட நேரம். அவ்வளவு நீளமான ஒரு நேரத்தை அவர் அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை.

"நேரமில்ல" என்றது குரல். "போடுங்க."

கோபமாக இல்லை. அன்பாகவும் இல்லை. வேலை அவசரத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது போல. அவர் எப்படிச் சொன்னாரோ, அப்படி.

இது கணக்குத் தீர்ப்பதா, பிள்ளைக்கு வெளிச்சம் தருவதா… அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. சஃப்ரீன் தண்ணீருக்குள் ஒரு காலை வைக்கப் போனாள்.

"மைனி! பிள்ளையத் தூக்குங்க. தண்ணியில கால் படக் கூடாது. தூக்குங்க!"

அவர் போட்ட சத்தத்தில் ஆஸியா குடையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மன்சூர் கண்ணை மூடினார். பிஸ்மில்லா என்றார். கையை மேலே தள்ள நினைத்தார். மரத்துப்போன கை அசையவில்லை. நினைத்தும் அசையவில்லை. பிறகு அது அசைந்தது.

தள்ளியது அவருடைய கைதான். ஆனால் தள்ளியது அவர் இல்லை.

டக்.

சந்து முழுக்க வெள்ளை வெளிச்சம் விழுந்தது. மழைக்கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. "வாப்பா! எரியுது வாப்பா!" என்று சஃப்ரீன் கத்தினாள். அவர் நின்றுகொண்டிருந்தார். உயிரோடு.

ஆஸியா சொன்ன சொல் மாறவில்லை. பிள்ளையை ஏணியில் ஏற்றிவிட்டு, தானும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். "சுத்தமாத்தான் மாட்டியிருக்கீய" என்றாள். கிளம்புவதற்கு முன் அவள் செய்ய வேண்டியிருந்த வேலை ஒன்றுதான். மெயினைப் பிடித்திருந்த அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். தானாக அவை விடவில்லை. பிரிக்கும்போது ஒரு நொடி அவள் அவருடைய அந்த வலது கையையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

எட்டு மாதம் ஆகிறது. லைட்டுக்கு ஒரு குறையும் இல்லை. சஃப்ரீன் அதன் கீழே உட்கார்ந்து படிக்கிறாள், மார்க்கு வாங்குகிறாள். மேலே குரல் எதுவும் கேட்பதில்லை. மன்சூர் வேலைக்குப் போகிறார், தைக்கிறார், சாப்பிடுகிறார். கொஞ்சம் பேச்சு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் பாட்டுக்கு இருந்திருப்பார். சைஃபும் இதை ஏதோ துக்கத்தில் கண்ட கனவு என்று விட்டிருப்பான்.

போன மாதம் ஒருநாள் காலையில் அவன் அவர்களோடு சேர்ந்து நடந்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட. தொண்ணூறடி ரோட்டைக் கடக்க வேண்டும். அந்த நேரத்து நெரிசல் உங்களுக்குத் தெரியும்… டெம்போ, கைவண்டி, ஸ்கூட்டர், ஹாரன். மாமாவின் வலது கையில் பிள்ளையின் பை இருந்தது. அதனால் இடது கையை நீட்டினார்.

சஃப்ரீன் பிடிக்கவில்லை. ரோட்டின் ஓரத்தில் நின்று அந்தக் கையை ஒருமுறை பார்த்தாள். அடம்பிடிக்கவில்லை, சிணுங்கவில்லை. தெரியாதவருக்குச் சொல்லித் தருகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்.

"இது ஒங்க கை வாப்பா. மத்தக் கையக் குடுங்க."